சூக்கெயெம்மை எங்கே உடைப்பது?

கேள்வி, 2023 பெப்ரவரி 4

நோர்வேக்கு வந்து ஒன்பது மாதம். நொர்ஸ்க் (நோர்வே மொழி) வகுப்புக்குப் போகிறேன். மனதுக்குள் வாசித்தால் விளங்குகிறது, வாய்விட்டு வாசித்தால் ஆசிரியைக்கு விளங்குவதில்லை. இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதி வைத்திருக்கிறார்களே, அதை எங்கே உடைத்து வாசிப்பது? உடைக்கிற இடத்தில் நிறுத்த வேண்டுமா?

பெப்ரவரி 4, இரவு 11.20

நிறுத்த வேண்டும். பொருள் ஒட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அங்கே கத்தியை வையுங்கள், அரை மாத்திரை நின்று அடுத்த துண்டைச் சொல்லுங்கள். சூக்கெயெம் என்றால் சூக்கெ (நோயாளர்), யெம் (வீடு). முதியவர்களைப் பராமரிக்கும் இல்லம். பதினெட்டு வருடமாக அப்படியொரு இடத்தில்தான் எனக்கு வேலை, ஆகவே இந்த ஒரு சொல்லிலாவது உரிமை உண்டு. யெம் என்று எழுதும்போது முன்னால் ஒரு ஹெச் நிற்கும். அதை வாசிக்கக் கூடாது, சும்மா காவலுக்கு நிற்கிறது. சூக்கெயில் வரும் உயிர் நம்மிடம் இல்லை. ஊ சொல்லும் உதட்டோடு ஈ சொல்லிப் பாருங்கள், வரும்.

என் மாமி ஊரிலிருந்து வந்திருந்தபோது, யெம் என்று கேட்டாலே யமன் நினைவு வருகிறது என்று அந்தச் சொல்லை வீட்டில் தடை செய்துவிட்டார். வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்வேன்.

பெப்ரவரி 5, காலை

மேலே எழுதியதை மகள் வாசித்துவிட்டாள். இங்கே பிறந்தவள். "அப்பா, நீங்கள் நின்றால் அது ரெண்டு சொல்" என்றாள். அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொல்வதுதான் சரி, நான் இதை மறந்திருக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வார இறுதிக்கு இரண்டு தாதிகள் குறைகிறார்கள், பலகையில் எழுதிப் போடுங்கள் என்றார்கள். தாதிக்கு சூக்கெப்லையெர். நான் தமிழில் எழுதுகிற பழக்கத்தில் நடுவே இடம் விட்டு, சூக்கெ ஒரு பக்கம், ப்லையெரெ ஒரு பக்கம் என்று எழுதினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் யாரோ பக்கத்தில் ஒரு வெப்பமானியும் மூக்குச் சிந்தும் முகமும் கீறி வைத்திருந்தார்கள். நான் எழுதியதற்குப் பொருள், "வார இறுதிக்கு சுகமில்லாத பராமரிப்பாளர்கள் இருவர் தேவை."

எழுத்தில் அந்த வெற்றிடம் செய்த வேலையைத்தான் பேச்சில் நிறுத்தம் செய்கிறது. ஆகவே நேற்று இரவு எழுதியதை அடித்துவிடுங்கள். ஒட்டு எங்கே என்று மூளைக்குத் தெரிந்தால் போதும், வாய் அங்கே நிற்கக் கூடாது. முதல் துண்டில் பலமாக ஊன்றுங்கள், இரண்டாவதில் மெதுவாக ஊன்றுங்கள், நடுவில் மூச்சு விடாதீர்கள்.

பெப்ரவரி 5, மதியம்

நான் ஒருவன்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நோர்வேக்காரர்களே கடைப் பலகைகளில் சொல்லைப் பிரித்து எழுதி, மற்ற நோர்வேக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு ஒரு தேசிய விளையாட்டு. லம்மெலோர் ஒட்டியிருந்தால் ஆட்டுக்குட்டியின் தொடை, பிரிந்தால் வாதம் வந்த தொடைகள். அன்னாசிக்கு அவர்களும் அனனஸ் என்றுதான் சொல்கிறார்கள். அனனஸ்ரிங்ஙெர் என்றால் டின்னில் வரும் அன்னாசி வளையம், பிரித்தால் அன்னாசி தொலைபேசி எடுக்கிறது.

பெப்ரவரி 5, இரவு

ஊன்றுவது பற்றி இன்னொன்று. ஊன்றிய அசையில் ஒன்று நெடில் இருக்கும், அல்லது குறிலும் பின்னால் அழுத்தமான மெய்யும் இருக்கும். இரண்டும் இல்லாமல் இருக்காது. கூரைக்கு தாக், நன்றிக்கு தக். குறில் நெடில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இது ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன். தனியாகச் சொன்னால் இல்லைதான். சொல் நீண்டதும் அவசரத்தில் நெடிலைக் குறிலாக்கிவிடுவோம். கூரையில் தொங்கும் விளக்கு தாக்லம்பெ. நான் வீடு பார்க்கப் போன இடத்தில் தக்லம்பெ நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். நன்றி விளக்கு. வீட்டுக்காரர் நன்றி என்று பதில் சொன்னார்.

இரண்டாவது துண்டிலும் நெடில் நெடிலாகவே இருக்க வேண்டும். பாலர் பள்ளிக்கு பாணெஹாகெ, பிள்ளைகளின் தோட்டம். முதலில் ஊன்றிவிட்டோம் என்று ஹாவைக் குறுக்கிவிட்டால் அது தோட்டமாகத் தெரியாது.

பெப்ரவரி 8

கண்ணால் உடைப்பதில் உள்ள குழிகளைக் கேட்டிருக்கிறீர்கள். நான் விழுந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

வைன் குடிக்கும் கிளாஸ். வீன், க்லஸ். எழுத்தில் என் (n) என்ற எழுத்தும் ஜீயும் (g) பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதால் கண் அதை ங் என்று பிடித்து, விங் என்று படிக்கும். விங் என்றால் சிறகு. எல்க்யக்த் இன்னொன்று, எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடுவது. செப்டெம்பர் கடைசியில் பாதிப்பேர் இதற்காக லீவு கேட்பார்கள், ஆகவே இந்தச் சொல் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். ஜீயும் ஜேயும் ஒரு சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வந்தால் ய மட்டும்தான் ஒலிக்கும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்கள். இங்கே ஜீ மானுக்குச் சொந்தம், ஜே வேட்டைக்குச் சொந்தம். இரண்டையும் சொல்ல வேண்டும். கார் டயருக்கு பீல்தெக். கண் முதலில் பில்தெ என்ற படத்தைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு கேயை என்ன செய்வது என்று முழிக்கும்.

எனக்குப் பிடித்தது பஸ் தரிப்பிடத்துக் கொட்டகை. பஸ்ஸுக்கு இரண்டு எஸ், கொட்டகைக்கு ஸ்கூர், அதில் ஒரு எஸ். மூன்று எஸ் வர வேண்டும். நோர்வே எழுத்தில் ஒரே மெய் மூன்று தரம் அடுத்தடுத்து வரக் கூடாது, ஒன்றை விழுங்கிவிடுவார்கள். மிச்சம் இரண்டு. இப்போது அதை புஸ் ஸ்கூர் என்றும் உடைக்கலாம், புஸ் கூர் என்றும் உடைக்கலாம். கூர் என்றால் சிகிச்சை. குளிரில் அரை மணித்தியாலம் அந்தக் கொட்டகையில் நின்றவர்களுக்கு இரண்டாவதும் பொருந்தும்.

இரவு ரயிலும் அப்படித்தான், நத்தும் தோக்கும் சேர்ந்து ஒரு டீயை இழக்கும். ஆனால் வரி முடிகிற இடத்தில் சொல்லை மடிக்க வேண்டி வந்தால், விழுங்கிய எழுத்தைத் திரும்பக் கக்க வேண்டும். மேல் வரியில் இரண்டு எஸ்ஸோடு பஸ், சிறுகோடு, கீழ் வரியில் எஸ்ஸோடு ஸ்கூர். கூட்டுச் சொல்லை ஒட்டில் மடியுங்கள் என்பது விதி, ஸ்ப்ரோக்ரோதெ என்கிற அரச மொழிச் சபையும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே பத்திரிகையில் வரிக் கடைசிகளைப் பாருங்கள் தங்கச்சி. எங்கே உடைப்பது என்று இலவசமாகக் காட்டித் தருகிறார்கள். கணினி தானாக மடித்த வரிகளை மட்டும் அவ்வளவாக நம்பாதீர்கள்.

பெப்ரவரி 9

"தமிழில் இந்தத் தொல்லை இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ப் போட்டால் யானை செத்தது. பலகையையே உடைத்தால் பல கை.

நாங்கள் ஒட்டில் ஒரு மெய்யைக் கூட்டுகிறோம், அவர்கள் கூடியிருப்பதில் ஒன்றைக் குறைக்கிறார்கள்.

பெப்ரவரி 12

ஆர் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே மொழிச் சீதனம் இதுதான்.

நீங்கள் நொர்ஸ்க் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒஸ்லோவில் அது நொஷ்க். ஆருக்குப் பின்னால் எஸ் வந்தால் இரண்டும் கலந்து ஷ் ஆகும். டீ (t) வந்தால் ட், டி (d) வந்தால் அதே ட் கொஞ்சம் மென்மையாக, என் வந்தால் ண், எல் வந்தால் ள். இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் இதற்கு நாக்கை மடிக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். எங்களுக்கு அம்மா சொல்லித்தந்தாயிற்று. பிள்ளைக்கு அவர்கள் எழுதுவது பார்ன், சொல்வது பாண். ஆம், பாண்தான். பேக்கரியில் வாங்குகிற அதே பாண். வந்த புதிதில், எத்தனை பாண் என்று ஒரு தாய் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் கடைக்குப் போகிற கதை என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். மேலே பாணெஹாகெ என்று எழுதியதும் இதனால்தான்.

கூட்டுச் சொல்லில் இதன் விசேஷம் என்னவென்றால், ஆர் ஒரு துண்டில் இருக்கும், அடுத்த மெய் மற்றத் துண்டில் இருக்கும், அப்போதும் கலக்கும். நாளுக்கு தாக் (எழுத்தில் டி, கூரைக்குச் சொன்ன தாக் அல்ல), பல்லில் நாக்கு படும் த. குளிர்காலம் வின்தெர். குளிர்கால நாள் வின்தெடாக். நாக்கு ஒட்டைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது. நிறுத்திச் சொன்னால் இது நடக்காது, வின்தெர், தாக் என்று இரண்டாக விழும். என் மகள் "ரெண்டு சொல்" என்றது இதைத்தான் என்று எழுதும்போதுதான் விளங்குகிறது.

சீதனத்தோடு ஒரு கடனும் உண்டு. இங்கிலீஷ் சொற்களில் வரும் டீயை எல்லாம் ட் என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அதே வாயோடு நொஷ்க் கதைத்தால் வெறும் டீயும் ட் ஆகிவிடும். பூனைக்கு கத், வரைபடத்துக்கு கட். நான் ஒரு பாட்டியிடம் உங்கள் வரைபடம் கட்டிலில் தூங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 12, இரவு

பேர்கனில் இருக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், எங்கள் ஊரில் இப்படி ஒருவரும் சொல்வதில்லையே என்று. மன்னிக்கவும், அவர் சரி. பேர்கன், ஸ்தவங்ஙெர், கிறிஸ்தியன்சன் பக்கமெல்லாம் ஆரைத் தொண்டையில் சொல்கிறார்கள். தொண்டை ஆர் அடுத்த மெய்யோடு கலக்காது. அங்கே பிள்ளை பாண் ஆவதில்லை, வின்தெர்தாக்கும் அப்படியே இருக்கும். மேலே எழுதியது ஒஸ்லோவுக்கும் கிழக்குக்கும், வடக்கில் பெரும்பகுதிக்கும்.

பெப்ரவரி 19

மெட்டு. இதை விட்டுவிடலாம் என்று இருந்தேன், நீங்கள் விடவில்லை.

நோர்வேயில் ஒரு சொல்லுக்கு இரண்டு மெட்டில் ஒன்று இருக்கும். ஒஸ்லோவில் முதல் மெட்டு தாழத் தொடங்கி ஏறும். இரண்டாவது உயரத் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். கமக்காரர் என்பதற்கும் பயற்றங்காய் என்பதற்கும் சொல் ஒன்றுபோல, இரண்டும் பொன்னெர் (அந்த ஒ, எ சொல்லும் நாக்கோடு ஒ சொல்லும் உதடு). கமக்காரர் முதல் மெட்டு, பயற்றங்காய் இரண்டாவது. பிரார்த்தனைகளும் பொன்னெர்தான், அவையும் இரண்டாவது.

கூட்டுச் சொல்லில் நல்ல செய்தி, எவ்வளவு நீளச் சொல்லானாலும் ஒரே மெட்டு. துண்டுக்கு ஒரு மெட்டு இல்லை. அது எப்போதும் இரண்டாவது மெட்டு.

பெப்ரவரி 20

கடைசி வாக்கியம் பிழை. எப்போதும் இரண்டாவது என்பது ஸ்டொக்ஹோம் பக்கத்து சுவீடிஷுக்கு. எங்கேயோ வாசித்ததை நாடு மாற்றி எழுதிவிட்டேன். ஒஸ்லோவில் முதல் துண்டு இரண்டு அசையாக இருந்தால், அது தன் மெட்டை முழுச் சொல்லுக்கும் கொடுத்துவிடும். கோடைக்கு சொம்மெர், இரண்டாவது மெட்டு, ஆகவே கோடை விடுமுறை சொம்மெர்ஃபேரியெயும் இரண்டாவது. வின்தெர் முதல் மெட்டு, குளிர்கால விடுமுறை வின்தெர்ஃபேரியெயும் முதல். இரண்டையும் மகளிடம் மாறி மாறிச் சொல்லச் சொல்லி பதிவு செய்து கேட்டேன். அவளுக்கு வித்தியாசம் இருப்பதே தெரியாது, ஆனால் ஒரு தரமும் பிசகவில்லை. முதல் துண்டு ஒரே அசையாக இருந்தால் சில இப்படி, சில அப்படி. கேட்டுத்தான் பழக வேண்டும்.

எனக்கு மெட்டு இன்னும் சரியாக வராததற்குக் காரணம் இருக்கிறது. 1989இல் நான் வந்து இறங்கியது ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலை. எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான், வடக்கின் வடக்கில் மீன் வெட்டித்தான் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் பல இடங்களில் இந்த இரண்டு மெட்டு வேறுபாடே கிடையாது. ஆறு வருடம் மெட்டில்லாத நோர்வே மொழியைப் படித்துவிட்டு ஒஸ்லோ வந்தால், பாடத்தில் பாதி புதிது. பரீட்சைக்கு இதற்காகப் பயப்பட வேண்டாம் தங்கச்சி. நாட்டில் ஒரு பகுதி மெட்டில்லாமல்தான் கதைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது.

பெப்ரவரி 26

இன்று வேலையில் நடந்தது. தலைப்புக்குக் கொஞ்சம் தூரம்தான்.

தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவர் தன் அறை எண்ணை "த்ரே ஒ தூவெ" என்றார். மூன்றும் இருபதும். புதிதாக வந்த பொடியன் த்ரே மட்டும் கேட்டு மூன்றாம் அறைக்கு மருந்துத் தட்டோடு கிளம்பிவிட்டான். நல்லவேளை, நான் வாசலில் நின்றேன். நோர்வேயில் முன்பு எண்களில் ஒன்றை முன்னால், பத்தைப் பின்னால் சொன்னார்கள், ஜெர்மன்காரர் மாதிரி. 1951 ஜூலையிலிருந்து பத்தை முன்னால் சொல்ல வேண்டும் என்று பாராளுமன்றமே முடிவு செய்து மாற்றியது. தொலைபேசி எண்களைச் சொல்லும்போது பிழை வருகிறது என்று தொலைபேசித் துறைதான் இதை முன்னெடுத்தது. எங்கள் இருபத்துமூன்று அந்தப் புது முறைதான். பாராளுமன்றம் சொல்லி எழுபது வருடமாகியும் முதியவர்கள் பழையதையே சொல்கிறார்கள். அவர்களுக்குப் பேரன் வயதுள்ளவர்களும் சிலர் வயதைச் சொல்லும்போது அப்படித்தான்.

மார்ச் 3

ஊர்ப்பெயர். மேலே ஸ்தவங்ஙெர் என்று எழுதியதை, ஸ்டவாங்கர் என்று எழுத வேண்டும் என ஒருவர் திருத்தியிருந்தார். தமிழ்ப் பத்திரிகையில் அப்படி எழுதட்டும். சொல்லும்போது அங்கே க இல்லை, வெறும் ங. ஆத்திசூடியில் ஙப்போல் வளை என்பதைத் தவிர வேறெங்கும் வேலையில்லாமல் இருந்த எழுத்துக்கு நோர்வேயில் முழுநேர வேலை.

ஆனால் இந்தப் பெயர் என் கத்தி விதியைக் கெடுக்கிறது. பெயர் பிறந்த விதம் ஸ்தவ், அங்ஙெர். அங்ஙெர் என்பது கடல் உள்வாங்கிய இடத்துக்குப் பழைய சொல். வாய் உடைப்பதோ ஸ்த, வங், ஙெர். அழுத்தமும் நடுவில். ஹடங்ஙெரும் அதே கதை, ஆரும் டியும் கலந்து ட ஆகியிருக்கிறது பாருங்கள். ஒட்டு அவ்வளவு பழசாகிவிட்டால் வாய் அதை மறந்துவிடும். ஹம்மெர்ஃபெஸ்த் மறக்கவில்லை, அழகாக உடையும். ஆனால் உடைத்துப் பொருள் தேடினால் ஏமாற்றும். இன்றைய ஃபெஸ்த் கொண்டாட்டம், அந்தப் பழைய ஃபெஸ்த் படகைக் கட்டுகிற இடம். ஹம்மெர் சுத்தியல் அல்ல, பாறை.

தெற்கில் கிறிஸ்தியன்சன், மேற்குக் கரையில் கிறிஸ்தியன்சுன். முதலில் ஊன்று என்று நான் சொன்ன விதிக்கு இரண்டும் அடங்காது, கடைசியில்தான் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் பார்சல் எந்த ஊருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தபாலில் முன்பு ஒன்றுக்கு எஸ், மற்றதுக்கு என் என்று பின்னால் எழுதித்தான் பிரித்தார்கள்.

மார்ச் 5

துண்டுகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு எஸ் வருகிறதே, அது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். வைன் கிளாஸில் எஸ் இல்லை, வீன்க்லஸ். சிவப்பு வைன் கிளாஸில் உண்டு, ரோவீன்ஸ்க்லஸ். அந்த எஸ் ஓர் ஆணி மாதிரி. இதற்கு முன்னால் உள்ள இரண்டும் ஏற்கெனவே ஒட்டியாயிற்று, இங்கேதான் பெரிய ஒட்டு என்று காட்டுகிறது. தமிழில் சிவப்பு வைன் கிளாஸ் என்றால் சிவப்பு எது? வைனா, கிளாஸா? கேட்டால் கடைக்காரர் இரண்டையும் காட்டுவார். எல்லா எஸ்ஸும் இவ்வளவு ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். சிலவற்றுக்கு ஒரு நியாயமும் இல்லை.

மார்ச் 11

நீளச் சொல்லுக்குப் பயந்தவர்கள் அம்மம்மாவிலிருந்து தொடங்குங்கள். மூர் அம்மா, ஃபார் அப்பா. அம்மம்மா முர்முர், அப்பம்மா ஃபர்முர், அம்மப்பா முர்ஃபர், அப்பப்பா ஃபர்ஃபர். யாழ்ப்பாணத்தில் சொல்கிற அதே ஒழுங்கு, அதே கணக்கு. ஒட்டியதும் நெடில் குறிலாகிவிட்டதைக் கவனித்தீர்களா? பெப்ரவரி 5 இரவு நெடிலைக் குறைக்காதீர்கள் என்று எழுதினேன். முர்முரில் குறைக்கலாம். தினமும் நூறு தரம் கூப்பிடுகிற சொல் தேயாமல் இருக்காது.

மார்ச் 18

நேற்று சாப்பாட்டுப் பட்டியலில் ஃபிஸ்கெரெத் என்று இருந்தது. ஃபிஸ்கெ, ரெத். மீன் சாப்பாடு. ஆற்றங்கரைக் காணிக்காரர்களின் பத்திரத்திலும் இதே சொல் வரும், அங்கே அது மீன் பிடிக்கும் உரிமை, ஏனென்றால் ரெத் என்றால் உரிமையும்தான். எழுத்து ஒன்று, உடைகிற இடமும் ஒன்று. ஒன்றரை மாதமாக எங்கே உடைப்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று, வேலையில் இருந்த இருவரிடம் இரண்டு பொருளிலும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. அவர்களும் இல்லை என்றார்கள். அப்படியானால் எப்படித் தெரியும் என்றேன். "தட்டில் இருந்தால் சாப்பாடு" என்றார் ஒருவர்.